மிஷன் பள்ளியிலிருந்து ஆக்ஸ்போர்டு இருக்கைக்கு

ஏர்பேடு என்றால் இன்று ஐஐடியும் ஐசரும் நினைவுக்கு வரும். அந்த வளாகங்கள் எழுவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே காளஹஸ்தி, ரேணிகுண்டா, திருப்பதி என்று அந்த வட்டாரம் முழுக்க ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் லூத்தரன் மிஷன் வேலை செய்துகொண்டிருந்தது. ஏழுமலையான் ஊரில் அந்த மிஷன் நடத்திய பள்ளியில் 1896 முதல் 1900 வரை திருத்தணிச் சிறுவர் ஒருவர் படித்தார். அவர்தான், பின்னாளில் ஆக்ஸ்போர்டில் ஒரு பல்கலைக்கழக இருக்கையில் அமர்ந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன்.

பல்கலைக்கழக இருக்கை என்பதை ஹார்வர்டு தமிழ் இருக்கைக்கு நிதி திரட்டியபோது நம்மில் பலர் கேள்விப்பட்டோம். ஐந்நூறு ஆண்டுப் பழைய வழக்கம் அது. இங்கிலாந்து மன்னர் ஏழாம் ஹென்றியின் தாயார் மார்கரெட் போஃபர்ட் 1502-இல் கேம்பிரிட்ஜில் ஒரு கிறிஸ்தவ இறையியல் இருக்கையை நிறுவினார். ஆக்ஸ்போர்டிலும் அவர் பெயரில் ஒன்று உண்டு. பாதிரியார்களே அமர்ந்துவந்த அந்த ஆக்ஸ்போர்டு இருக்கைக்குக் குருப்பட்டம் பெறாத ஒருவர், அதுவும் ஒரு பெண், வந்தது 2015-இல்தான். அவர் கரோல் ஹாரிசன்.

ராதாகிருஷ்ணனின் கதை இதைவிடச் சுவையானது. வேலூர் ஊரீஸ் கல்லூரி, பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரி என்று படித்ததெல்லாம் மிஷன் நிறுவனங்களில். வேதாந்தத்தில் ஒழுக்கத்துக்கு இடமில்லை என்ற கிறிஸ்தவ விமர்சனம் அவரை உறுத்தியது. 1908-இல், இருபதாவது வயதில், முதுகலை ஆய்வேட்டிலேயே அதற்குப் பதில் எழுதினார். படித்துப் பார்த்துப் பாராட்டிச் சான்று கொடுத்தவர் அவருடைய ஆசிரியர் ஏ. ஜி. ஹாக், ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷனரி. தன் தரப்பை மறுத்து எழுதிய மாணவனை மனம் திறந்து மெச்சிய அந்த வாத்தியாருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

1936-இல் ஆக்ஸ்போர்டில் ஸ்பால்டிங் என்ற செல்வர் கீழைச் சமயங்களுக்கும் அறவியலுக்கும் ஓர் இருக்கை நிறுவினார். அதில் முதலில் அமர்ந்தவர் ராதாகிருஷ்ணன். 1952-இல் குடியரசுத் துணைத் தலைவராகும் வரை அது அவரிடமே இருந்தது.

அடுத்து வந்த ஸேனர் கத்தோலிக்கர். சமயங்களுக்குள் இணக்கம் காண வேண்டும் என்ற நன்கொடையாளரின் நோக்கத்தையே பதவியேற்பு உரையில் கேள்விக்கு உட்படுத்தினார். இருக்கை பறிபோகவில்லை, 1974-இல் இறக்கும் வரை அவரே நீடித்தார். காசு கொடுத்தவர் கருத்தைக் கட்டளையாக்காமல் விட்டதில்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் கெளரவம் இருக்கிறது.

திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இயங்குகிறது. ஏர்பேட்டிலோ நாட்டின் தலைசிறந்த மாணவர்கள் குவிகிறார்கள். கிறிஸ்தவ இறையியலையும் வேதாந்தத்தையும் ஒரே வகுப்பில் வைத்துப் படிக்க, ராதாகிருஷ்ணன், ஹாக் இருவர் பெயரிலும் ஓர் இருக்கை அந்த வட்டாரத்தில் அமையட்டும். கோயில் ஊரும் பழைய மிஷன் ஊர்களும் சேர்ந்தே அதற்கு நிதி திரட்ட வேண்டும்.