அந்த இரண்டாவது ரன்



போன மாதம் நம் வாலிபர் கிரிக்கெட் போட்டியின் கடைசி ஓவரில் ஒரு தம்பி இரண்டாவது ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆனான். நம் அணி தோற்றது. மறுநாள் ஆராதனை முடிந்து டீ குடிக்கும்போது ஹாலில் அதே பேச்சுதான். "ஒரு ரன்னோட நின்னிருக்கலாமே" என்றார் ஒரு அங்கிள். "அவசரப்பட்டுட்டான்" என்றார் இன்னொருவர். அந்தத் தம்பி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான். உண்மையைச் சொன்னால், நாங்களும் தலையாட்டிக்கொண்டுதான் நின்றோம். வீட்டுக்கு வரும் வழியில் மனம் உறுத்தியது.

இதே பேச்சை நாம் 2019-லும் பேசியிருக்கிறோம். ஜூலை 10, புதன்கிழமை. மான்செஸ்டரில் உலகக் கோப்பை அரையிறுதி. முந்தின நாள் மழையால் நின்ற ஆட்டம் அன்று தொடர்ந்தது. இரவு டியூட்டி முடிந்து வந்த நாங்கள் தூங்காமல் பார்த்தோம். நியூசிலாந்துக்கு எதிராக இந்தியாவுக்கு 240 ரன் தேவை. 49-ஆவது ஓவரின் முதல் பந்தில் தோனி சிக்ஸ் அடித்தார். அடுத்த பந்தில் ரன் இல்லை. மூன்றாவது பந்தில் ஒரு ரன் ஓடி, இரண்டாவதுக்குத் திரும்பினார். மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் பட்டது. சில அங்குலத்தில் தோனி அவுட். இந்தியா 18 ரன்னில் தோற்றது.

"ஏன்தான் ஓடினாரோ!" என்று நாங்களும் கத்தினோம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு ரன்னோடு நின்றிருந்தால் 9 பந்தில் 24 ரன் வேண்டும். அடுத்த பந்தைச் சந்திக்க வேண்டியவர் பந்துவீச்சாளரான புவனேஷ்வர் குமார். 77 ரன் அடித்த ஜடேஜா சற்று முன்புதான் அவுட் ஆகியிருந்தார். இரண்டாவது ரன் கிடைத்தால் ஸ்டிரைக் தோனியிடமே இருக்கும். பந்து நேராக ஸ்டம்பில் படாமல் கொஞ்சம் விலகியிருந்தால் அவர் தப்பியிருப்பார். பின்னால் ஒரு பேட்டியில் தோனி வருந்தியது ஓடியதற்காக அல்ல, பாய்ந்து விழாமல் போனதற்காக.

நான்கு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, நம் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இறுதி ஆட்டம். இங்கிலாந்துக்கு 2 பந்தில் 3 ரன் தேவை. ஸ்டோக்ஸுக்கு ஸ்டிரைக் திரும்பக் கிடைக்க ஆதில் ரஷீத் இரண்டாவது ரன்னுக்கு ஓடி அவுட் ஆனார். கடைசிப் பந்தில் மார்க் வுட்டும் அப்படியே. இருவரும் ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. ஆட்டம் 241-241 என்று சமன். சூப்பர் ஓவரின் கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்கு 2 ரன் தேவை. இப்போது பேட் பிடித்தவர் அதே கப்டில். இரண்டாவது ரன்னுக்கு ஓடி அவரும் அவுட். அதுவும் சமன் ஆனதால், அதிக பவுண்டரி அடித்த இங்கிலாந்துக்கே கோப்பை.

ரஷீதையும் வுட்டையும் இன்று யார் குறை சொல்கிறார்கள்? அவர்கள் அணி ஜெயித்துவிட்டது. தோனியின் அணி தோற்றது. அவர் ஓடியதை மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் வார்டில் ஒரு நோயாளியின் நிலை திடீரென மோசமானால், பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம். அப்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இரவு 2 மணிக்கு அந்த நர்ஸுக்கு என்ன தெரிந்திருந்தது?" என்பதுதான். காலை 7 மணிக்கு எல்லோருக்கும் தெரிந்தது 2 மணிக்கு அவளுக்குத் தெரியாது. தப்பே நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. 2 மணிக்குப் பார்க்க வேண்டிய பல்ஸைப் பார்க்காமல் விட்டிருந்தால் அது தப்புதான், சொல்லத்தான் வேண்டும். ஆனால் முடிவு தெரிந்த பிறகு தொடக்கத்தைப் பார்த்தால் எல்லாமே சுலபமாகத் தெரியும். அதை வைத்து ஒருவரைத் தீர்ப்பிடுவது நியாயமில்லை.

போன ஞாயிறு அந்தத் தம்பியைத் தேடிப் போய்க் கேட்டோம்: "ஓடும்போது நீ என்ன பார்த்தே?"

"3 பந்துல 5 ரன் வேணும் அக்கா. அந்தப் பக்கம் முதல் தடவையா பேட் பிடிச்ச சின்னவன். அவனை அந்த பவுலர்கிட்ட விட மனசு வரல. பந்தை எடுக்கிறவர் சறுக்கினதையும் பார்த்தேன். அதான் ஓடினேன்."

மூன்று வாரமாக இதை அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. அன்று தலையாட்டியதற்கு அவனிடம் மன்னிப்புக் கேட்டோம். அவன் சொன்னதை அந்த இரண்டு அங்கிள்களிடமும் போய்ச் சொன்னோம். ஒருவர் அப்போதே எழுந்து அவனைத் தேடிப் போனார்.

ஆகஸ்டில் ஏ-லெவல் ரிசல்ட் வரும். யாராவது எடுத்த பாடம், போன பாதை சரியாக அமையாமல் போகலாம். "அப்பவே சொன்னேனே" என்று தொடங்குவதற்கு முன், அன்று அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.