தொலைஞ்சது யாருக்கு?

மூன்று வருஷத்துக்கு முன்னால் இறக்காமத்தில், எங்களில் ஒருவரின் மாமா வீட்டுக் கட்டிலுக்குக் கீழே ஒரு மரப்பெட்டி கிடந்தது. மாமா ஒரு காலத்தில் ரேடியோ திருத்துற கடை வைத்திருந்தவர். பெட்டி நிறைய சின்ன ரெக்கோட் தட்டுகள், 45 சுற்றுக்காரத் தட்டுகள். நாற்பது, ஐம்பது இருக்கும். பழைய பித்தளை, பழைய மணிக்கூடு வாங்குற ஒரு யாவாரி வேனில் வந்தார். முழுப் பெட்டிக்கும் 2,500 ரூபாய் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனார். மாமாவுக்குச் சந்தோஷம். கட்டிலுக்குக் கீழே கூட்டுறது லேசாகிட்டு என்று மாமிக்கு அதைவிடச் சந்தோஷம்.

அந்த நேரம் நாங்கள் மூணு பேர் அதே வீட்டு விறாந்தையில் இருந்தோம். ஒரே ஹெட்போனை மாத்தி மாத்திப் போட்டு, துருக்கியின் எர்கின் கொராய் 1974இல் போட்ட 'எலெக்ட்ரோனிக் துர்க்யுலெர்' எல்பியை யூடியூபில் கேட்டுக்கொண்டிருந்தோம். கிராமத்துப் பாட்டுகளை மின்சாரக் கிட்டாரில் போட்டு முறுக்கின ஆள். "என்ன ஒரு சாமான் மச்சான், எங்கேயிருந்து தோண்டி எடுத்திருக்கானுகள்" என்று வாயைப் பிளந்தோம். நாலடி தள்ளி இருந்த பெட்டியை எழும்பிப் போய்த் திறந்து பார்க்க எங்களுக்குத் தோணவில்லை.

அதுக்குள்ள என்ன இருந்தது என்று இன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு ஞாபகம் இல்லை. நாங்கள் ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் மற்றவர்களைத் திட்டப்போகிறோம். அதுக்கு முதல் எங்கட பங்கைச் சொல்லி வைக்கிறோம்.

விஷயத்துக்கு வருவோம். வைனில் திரும்பி வந்துவிட்டது. அமெரிக்காவில் 2022இல் 4 கோடியே 10 லட்சம் வைனில் தட்டுகள் விற்றன, சீடி 3 கோடியே 30 லட்சம். எண்ணிக்கையில் சீடியை வைனில் முந்தினது 1987க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அந்த அலைக்குள் ஒரு தனி ஓட்டம் இருக்கிறது: 1960, 70களில் ஆசியாவிலும் ஆபிரிக்காவிலும் வந்த சைக்கடெலிக், ஹெவி ரொக் தட்டுகளைத் தேடிப் பிடித்து, சுத்தம் செய்து, தடிச்ச அட்டை உறை போட்டு மறுபடி அச்சடிப்பது. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ், அமெரிக்காவின் நவ்-அகெய்ன், பாரிஸின் அக்கூஃபோன் எல்லாம் இதில் பேர் போன லேபல்கள். எங்கட பக்கமும் அவர்கள் வராமல் இல்லை. இளையராஜாவின் 1977 தொடக்கம் 1983 வரையான பாட்டுகளில் பொறுக்கி 'சொல்ல சொல்ல' என்ற தொகுப்பை ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் போட்டது. ஒரு சிகரட் கம்பனி தன் 'சிம்லா' சிகரட்டுக்கு விளம்பரமாக இந்தியாவில் நடத்திய பேண்ட் போட்டியில் இருந்து வந்தவை சிம்லா பீட் 1970, 1971 என்ற இரண்டு எல்பிகள். அவையும் மறுபடி அச்சாகி உலகம் சுற்றின. அக்கூஃபோன் இன்னும் கிட்ட வந்தது. இலங்கையின் சிங்கள, தமிழ் பொப் பாட்டுகளின் 'பொற்காலம்' என்று பேர் வைத்தே ஒரு தொகுப்புப் போட்டது.

இந்தத் தட்டுகளுக்கு எழுதப்படும் விமர்சனங்களை வாசியுங்கள். திரும்பத் திரும்ப ஒரே சொல் வரும். 'தொலைந்த' இசை. 'மறக்கப்பட்ட' இசை. 'யாரும் அறியாத' பொக்கிஷம்.

எங்கட சண்டை அந்தச் சொல்லோடுதான். தொலைஞ்சது யாருக்கு?

இளையராஜா தமிழனுக்கு எப்போது தொலைந்தார்? அக்கரைப்பற்று பஸ்ஸில் ஏறினால் தலைக்கு மேலே அவர்தான். 'சுராங்கனி' யாருக்குத் தொலைஞ்சது? ஏ.ஈ. மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அதுக்குப் பிறகும் கல்யாண வீட்டில் சட்டி கழுவுற இடத்தில் அந்தப் பாட்டு ஒருக்காவது வராமல் விடியுறதில்லை. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'யை எங்கட வாப்பாமார் முழுசாகப் பாடுவார்கள், தட்டை ஒரு நாளும் கண்ணால் காணாமலே. பாட்டு இங்கேதான் இருந்தது. பாரிஸுக்கும் லண்டனுக்கும் தெரியாமல் இருந்ததைத் 'தொலைந்தது' என்று எழுதுவது, எங்கட காதைக் காதென்றே கணக்கெடுக்காத எழுத்து.

இன்னுமொண்டு. நித்தி கனகரத்தினம் உரும்பிராய்க்காரர்தான். ஆனால் அவர் படித்தது எங்கே? அம்பாறை ஹார்டி தொழில்நுட்பக் கல்லூரியில். இலங்கைத் தமிழ்ப் பொப் இசையின் தொடக்கத்தைப் பற்றிக் கதைக்கிற யாரும் அந்த அறுபதுகளின் மாணவப் பருவத்தைத் தாண்டிப் போக ஏலாது. அம்பாறை எங்களுக்கு நாளாந்தம் போய் வாற டவுன். கச்சேரி அலுவலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற அந்தத் டவுனுக்கும் பொப் இசைக்கும் ஒரு தொடுப்பு இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தரும் எங்களுக்குச் சொன்னதில்லை. கம்பஸிலும் சொன்னதில்லை. இன்டர்நெட்டில் பழைய தட்டுகளைத் தேடிப் போன இடத்தில்தான் தெரிய வந்தது. வெட்கமாக இருந்தது.

சரி, லேபல்காரர்கள் கள்வர்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா? ஏலாது. அது லேசான கதை, அதோடு நியாயமும் இல்லை.

சாம்பியாவைப் பாருங்கள். எழுபதுகளில் அங்கே 'சாம்ரொக்' என்று ஒரு ஹெவி ரொக் அலை எழும்பினது. அதில் பெரிய பேண்ட் விட்ச். செப்பு விலை விழுந்து நாடு நொடிந்தது. பிறகு எயிட்ஸ் நோய் அந்தத் தலைமுறை இசைக்காரர்களில் பெரும் பங்கை விழுங்கினது. பாடகர் இமானுவேல் ஜகாரி சண்டா மிஞ்சினார். இரத்தினக்கல் தோண்டிப் பிழைத்தார். நவ்-அகெய்ன் அவர்களின் பழைய தட்டுகளை மறுபடி போட்ட பிறகு ஐரோப்பா கூப்பிட்டது, அமெரிக்கா கூப்பிட்டது. 2023இல் விட்ச் 'சாங்கோ' என்று புது எல்பியே போட்டது. பாடினவன் உயிரோடு இருக்கும்போதே அவனைத் தேடிப் போய், பேரைத் திருப்பிக் கொடுத்து, மேடையும் கொடுத்த மறுவெளியீடு அது. துருக்கியில் செல்டா பாஜான் 1980 இராணுவப் புரட்சிக்குப் பிறகு சிறைக்குப் போன பாடகி. அவரின் 1976ம் ஆண்டுத் தட்டை ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் 2006இல் போட்டது. அவரின் அம்மா வயதுப் பாட்டுகளுக்கு அவருடைய பேரப்பிள்ளை வயதுக்காரர்கள் ஆடினார்கள்.

ஆகவே மறுவெளியீடு கெட்டது இல்லை. அரைகுறையாகச் செய்கிற மறுவெளியீடுதான் கெட்டது. எங்கட முறைப்பாடு மூன்று.

முதலாவது காசு. ஒரு மறுவெளியீட்டு எல்பி 30 டொலர் என்று வையுங்கள். டொலர் 300 ரூபாய் என்றால் 9,000 ரூபாய். இதில் தபால் செலவும் சுங்க வரியும் சேரவில்லை, தட்டைச் சுழற்ற மெசின் வேறு வேணும். 2025இல் கம்பஸ் பிள்ளை ஒருத்தருக்கு மஹாபொலக் காசாக மாசம் வந்தது அதைவிடக் குறைவு. எங்கட டவுனில் பிறந்த பாட்டை நாங்கள் வாங்கிக் கேட்க வேண்டுமென்றால் ஒரு மாசம் பட்டினி கிடக்க வேணும். பாட்டு பிறந்த நாட்டுக்காரர்களுக்காவது இலவசமாக ஒரு கோப்பைத் திறந்து விட்டால் எந்த லேபலும் வங்குரோத்தாகிப் போகாது. இங்கே அந்த 30 டொலரைக் கொடுக்கக்கூடிய ஆளே இல்லையே, எதை இழக்கப்போகிறார்கள்?

இரண்டாவது மொழி. தட்டோடு வாற அழகான சின்னப் புத்தகம் இங்கிலீசில் இருக்கும், பிரெஞ்சில் இருக்கும். பாட்டு தமிழில். பாடினவர், வாசித்தவர், பாட்டைக் கேட்டு வளர்ந்தவர் எல்லாரும் தமிழ். அந்தப் பாட்டைப் பற்றி எழுதினது மட்டும் தமிழில் ஒரு பக்கம்கூட இல்லையென்றால், அந்தப் புத்தகம் யாரோடு கதைக்கிறது? வாப்பாவின் கையில் கொடுத்தால் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்.

மூன்றாவது பேர். கொஞ்சம் எக்கோ, கொஞ்சம் ஓர்கன், கரகரத்த ஒரு கிட்டார் இருந்தால் போதும், சந்தையில் அது 'சைக்கடெலிக்' ஆகிவிடும். எர்கின் கொராய் அந்தப் பேரைத் தெரிந்து சுமந்தவர். சிம்லா பீட் பேண்டுகளும் அப்படித்தான், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் ஆக வேணும் என்ற ஆசையோடு வாசித்தவர்கள். இலங்கைத் தமிழ்ப் பொப் அப்படி இல்லை. அது பைலாத் தாளத்தில் ஏறின நையாண்டி. மாமியைக் கிண்டல் பண்ணும், குடிகாரனைக் கிண்டல் பண்ணும், ஊரே சேர்ந்து கை தட்டும். அதைப் போதைக் கனவு மாதிரி நிறம் தீட்டி வித்தால், கேட்கிறவனுக்கு மயக்கம் கிடைக்கும், பாட்டில் இருந்த சிரிப்பு போய்விடும்.

இதை நாங்கள் சொல்லும்போது ரெண்டு பக்கத்தில் இருந்து அடி விழுகிறது.

ஒரு பக்கம் எங்கட கூட்டாளிமார். "வைனில் எல்லாம் கொழும்பு ஏழுக்காரன்ட விளையாட்டு, எங்களுக்கென்னத்துக்கு?" என்கிறார்கள். பொருளைப் பற்றிச் சொன்னால் சரி. பாட்டைப் பற்றிச் சொன்னால் பிழை. ரேடியோ திருத்துற கடைக்காரர் ஒருத்தர் இறக்காமத்தில் ஐம்பது தட்டு சேர்த்து வைத்திருந்தார் என்றால், அது அன்றைக்கு எந்தப் பணக்காரனின் விளையாட்டு? வித்து முடிந்த பிறகுதான் அது பணக்காரச் சாமான் ஆனது.

மற்றப் பக்கம் பெரியவர்கள். "பாட்டுக் கூத்தெல்லாம் என்னத்துக்கு மகன்?" மார்க்கத்தில் எது கூடும் எது கூடாது என்ற விவாதத்தை நாங்கள் இங்கே தீர்க்கப் போகவில்லை, அந்தத் தகுதியும் எங்களுக்கில்லை. ஒன்றை மட்டும் மரியாதையாகக் கேட்கிறோம். நாகூர் ஹனிபாவின் பாட்டு இல்லாமல் எங்கட ஊரில் எந்த நோன்புக் காலம் போயிருக்கு? றபான் அடித்து பக்கீர்மார் பைத் சொல்லிக்கொண்டு வந்த தெருவை மறந்துவிட்டீர்களா? பொல்லடி அடித்தவர்கள் யார்? வயலில் நின்று கவி படித்தவர்கள் யார்? உங்கட உம்மாமார்தான், வாப்பாமார்தான். நிந்தவூர் எஸ். முத்துமீரான் ஊர் ஊராகப் போய் அந்தக் கவிகளைச் சேர்த்து அச்சில் கொண்டு வந்தார். சொல் மிஞ்சினது அப்படித்தான். குரல் எங்கே? கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் கிடந்த கசட்டுகள் 2004இல் கடலோடு போயின. இறக்காமத்துக்குக் கடல் வரவில்லை. எங்களுக்கு அந்தச் சாட்டும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு ஆளைப் பற்றிச் சொல்ல வேணும். நைஜர் நாட்டின் ம்டூ மொக்தார். துவாரெக் முஸ்லிம். மார்க்கப் பற்றுள்ள குடும்பம், பாட்டு என்றால் விருப்பமில்லை. சைக்கிள் பிரேக் கம்பியை நரம்பாகக் கட்டித் தானே ஒரு கிட்டார் செய்து பழகினார். ஆரம்பத்தில் அவர் பாட்டு பரவினது தட்டில் இல்லை, சீடியில் இல்லை. போன் மெமரி கார்டில், புளூடூத்தில், ஒரு ஆளில் இருந்து மற்ற ஆளுக்கு. சகாராப் பாலைவனம் முழுக்க அப்படித்தான் ஓடினது. அமெரிக்க லேபல்காரர் ஒருத்தர் பிறகு அதைக் கேட்டுத் தேடிப் போனார். 2021இல் வந்த 'ஆஃப்ரிக் விக்டிம்' எல்பியைப் போட்டுப் பாருங்கள், இன்றைக்கு உலகத்தில் வாசிக்கப்படுகிற ஹெவி ரொக்கில் அதுக்குப் பக்கத்தில் வைக்கக் கொஞ்சம்தான் இருக்கு. அதே தட்டு வைனிலிலும் வந்தது. ஆனால் வரிசையைக் கவனியுங்கள். முதல் ஊர், பிறகு போன், கடைசியில்தான் வைனில். கண்டுபிடிக்க வந்தவனுக்கு முன்னாலேயே அவரின் ஊர் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்களிடம் அதே போன் இருக்கிறது. நாங்கள் அதில் அடுத்தவன் தோண்டி எடுத்ததைக் கேட்டு வாயைப் பிளக்கிறோம்.

ஆகவே இதை வாசிக்கிற உங்களிடம் ஒரு வேலை கேட்கிறோம். வீட்டில் பழைய தட்டோ கசட்டோ இருந்தால் விற்க முதல் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுங்கள். லேபலில் உள்ள பேர், இலக்கம் எல்லாம் தெரிய வேணும். போட்டுக் கேட்க மெசின் இருந்தால் போனிலாவது பதியுங்கள், தரம் பிறகு பார்க்கலாம். மூத்தம்மா கவி படித்தால் முதல் அவரிடம் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் பதியுங்கள். பேர், ஊர், திகதி, யாரிடம் பழகினார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். மூணு இடத்தில் பிரதி வையுங்கள், ஒண்டு அவரின் வீட்டில் இருக்க வேணும். நாளைக்கு ஒரு லேபல்காரர் வந்தால் வரட்டும். வந்து 'தொலைந்த இசை' என்று எழுதப் பேனை எடுத்தால், இது தொலையவில்லை, இதோ பேர், இதோ ஊர், இதோ பாடினவரின் குடும்பம், காசு கதைப்பதென்றால் அவர்களோடு கதையுங்கள் என்று சொல்ல எங்கட கையில் ஒரு கொப்பி இருக்க வேணும்.

நாங்கள் தொடங்கிவிட்டோம். இதுவரை பதினொரு பதிவு. இரண்டில் பின்னால் ஆடு கத்துகிறது, ஒன்றில் மூத்தம்மா பாதியில் சிரித்துவிட்டார், அதை வெட்டவில்லை. மாமாவிடமும் போனோம். பெட்டியில் என்ன இருந்தது என்று திரும்பவும் கேட்டோம். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, பேர் தெரியாத ஒரு பாட்டின் மெட்டை மட்டும் மூக்கால் பாடிக் காட்டினார். அதையும் பதிந்து வைத்திருக்கிறோம். யாருக்காவது அந்த மெட்டுப் பிடிபட்டால் சொல்லுங்கள்.

வாற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வரிப்பத்தாஞ்சேனைக்குப் போகிறோம். வேலை செய்கிற கசட் பிளேயர் ஒண்டு வேணும். வைத்திருக்கிறவர்கள் கொண்டு வாருங்கள்.