சாத்திரச் சீட்டும் சித்திரக் கலையும்

சாத்திரம் பார்க்கும் சீட்டுகளில் ஒருவருக்கு நம்பிக்கை இருக்கலாம், இல்லாதிருக்கலாம். நம்புவோர் அவற்றைப் பயத்தோடு பார்க்கின்றனர். நம்பாதோர் அவற்றைப் பார்ப்பதே இல்லை. இரு சாராரும் ஒன்றைத் தவறவிடுகின்றனர். அவை சித்திரங்கள். யாரோ ஒருவர் விளக்கடியில் இருந்து வரைந்த சித்திரங்கள். அந்தச் சித்திரங்களின் பொருட்டே இதனை எழுதுகின்றேன்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவுக்காரப் பெண்ணொருத்தி, கொச்சிக்கடையில் உள்ள எங்கள் உறவினர் வீட்டில் ஒரு சீட்டுக்கட்டை மேசையில் வைத்துவிட்டு வெளியே போயிருந்தாள். 'கோதிக் டாரோ' என்பது அதன் பெயர். அமெரிக்க ஓவியரான ஜோசப் வார்கோ வரைந்து 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. மொத்தம் 78 சீட்டுகள். இரத்தக் காட்டேரிகள், ஆவிகள், இருண்ட முகங்கொண்ட தேவதூதர்கள், பேராலயக் கூரைகளிற் குந்தியிருக்கும் கல் விலங்குகள் ஆகியவையே அதன் மாந்தர். வீட்டிலிருந்த பெரியம்மா ஒரு சீட்டைப் பார்த்தார். "அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்திற வீட்டில இதென்ன பிசாசுப் படம்?" என்று கேட்டுவிட்டு, மேசை விரிப்பை இழுத்து அதன்மேற் போட்டார். நான் விரிப்பை நீக்கிவிட்டு, 78 சீட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தேன்.

நாம் முந்நூற்றுநான்கு விளையாடும் கடதாசிகளை விட இவை பெரியவை. ஒரு கைக்குள் அடங்க மறுப்பவை. அதனாலேயே மெதுவாகப் பார்க்க வைக்கின்றன. முதற் பார்வையில் இருட்டு மட்டுமே தெரிகின்றது. நடுப்பகல் வெயிலிலிருந்து கோயிலுக்குள் நுழைந்தவன் கருவறையை நோக்கி நிற்கும்போது கண் பழகச் சிறிது நேரம் எடுப்பதைப் போல, இங்கும் எடுக்கின்றது. பிறகு ஒரு முகம் தெரிகின்றது. ஒரு கை தெரிகின்றது. அதன் பின்னால் ஒரு வளைவு தெரிகின்றது. வெளிச்சத்தைச் சிக்கனமாகச் செலவிடத் தெரிந்த ஓவியரின் வேலை இது. எல்லாச் சீட்டுகளும் ஒரே தரத்தன அல்ல. சிலவற்றில் அழகு மிஞ்சி, அச்சம் வெறும் அலங்காரமாகிச் சினிமாச் சுவரொட்டியை நினைவூட்டுகின்றது. எனினும், கல் விலங்குகள் வரும் படங்களில் ஒரு தனிமை இருக்கின்றது. அவற்றை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்.

அந்தக் கல் விலங்குகள் எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தால் பெரியம்மாவின் கோபம் சற்றுத் தணியலாம். கோதிக் என்பது பேய்க்கதையின் பெயராகுமுன் தேவாலயக் கட்டடக் கலையின் பெயர். 12ஆம் நூற்றாண்டில் பிரான்சில் தொடங்கிய அந்தக் கலையில், கூரையில் விழும் மழைநீர் சுவரை நனைக்காமல் தூர விழும்படி கல்லிலே பீலிகள் செய்தனர். அவற்றின் வாய்களை விலங்கு முகங்களாகச் செதுக்கினர். நமது கோயில்களில் அபிடேக நீர் வெளியேறும் வழிக்கு கோமுகி என்று பெயர் சூட்டி அதற்கொரு முகமும் கொடுத்த சிற்பியின் மனமும் இதுவே. கருங்கற்றூண்களிலே பிளந்த வாயும் பிதுங்கிய கண்ணுமாக நிற்கும் யாளியைப் பார்த்து எந்தப் பக்தரும் பிசாசு என்று ஓடுவதில்லை. கோதிக் என்ற சொல் பயங்கரக் கதைகளோடு ஒட்டிக்கொண்டது 1764இல் ஹொரஸ் வால்போல் 'ஒட்ரான்டோ கோட்டை' என்ற நாவலை வெளியிட்ட பிறகுதான்.

அச்சத்தைக் கலையாக்குவது மேனாட்டார் கண்டுபிடித்த வித்தை என்று கொள்வதும் பிழை. தொல்காப்பியம் கூறும் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. நகைக்கும் உவகைக்கும் என்ன இடமோ அதே இடம் அச்சத்துக்கும் அங்கே உண்டு. சான்று வேண்டுவோர் கொழும்புத் தேசிய நூதனசாலைக்குப் போகலாம். பொலனறுவையிற் கண்டெடுக்கப்பட்ட காரைக்கால் அம்மையாரின் வெண்கலத் திருவுருவம் அங்கே இருக்கின்றது. எலும்பும் தோலுமான உடம்பு, வற்றிய மார்பு, கையிலே தாளம். அழகிய உடலை வேண்டாமென்று உதறிப் பேய் வடிவை வரமாகக் கேட்டுப் பெற்றவர் அவர். அந்த உருவத்தின் முன் நின்றால் முதலில் மனம் திடுக்கிடும். சற்று நேரத்தில் அந்த முகத்திலுள்ள ஆனந்தம் தெரியத் தொடங்கும். இருளை வரையும் எந்தக் கலைஞனுக்கும் இதைவிட உயர்ந்த அளவுகோல் எனக்குத் தெரியாது. வார்கோவின் சீட்டுகள் அந்த உயரத்தை எட்டவில்லை. ஆனால், அதே திசையிற் செல்ல முயல்கின்றன.

டாரோ சீட்டுகள் சாத்திரத்துக்காகப் பிறந்தவையும் அல்ல. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியிலே பிரபுக்கள் விளையாடுவதற்காகத் தோன்றிய சீட்டாட்டம் அது. அதற்குள் எகிப்திய இரகசியம் இருப்பதாகச் சொல்லப்பட்டது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பிரான்சில். கத்தோலிக்க உலகிற் பிறந்த ஆட்டமாகையால், அதன் படங்களும் கத்தோலிக்கப் படங்களே. எக்காளம் ஊதும் தூதனும் கல்லறையிலிருந்து எழும் மனிதரும் உள்ள சீட்டு இறுதித் தீர்ப்பு. 'உலகம்' என்னும் சீட்டின் நான்கு மூலைகளிலும் மனிதன், கழுகு, சிங்கம், எருது. இவை நான்கு நற்செய்தியாளரின் அடையாளங்கள் என்பதைக் கொச்சிக்கடையில் மறைக்கல்வி வகுப்புக்குப் போன சிறுவனும் சொல்வான். சீட்டுப் பார்த்து வருங்காலம் அறிவதைத் திருச்சபை தடுக்கின்றது. அதில் நியாயம் உண்டு. ஆனால், தடுக்கப்பட்டது குறிகேட்டல். சித்திரம் பார்த்தல் அல்ல.

இன்று உலகெங்கும் அறியப்பட்ட டாரோ படங்கள் 1909ஆம் ஆண்டு இலண்டனில் வெளியானவை. அவற்றை வரைந்தவர் பமெலா கோல்மன் ஸ்மித் என்னும் பெண். இலண்டனிற் பிறந்து, சிறு வயதின் ஒரு பகுதியை ஜமைக்காவிற் கழித்தவர். பெரிய வேலை, மிகச் சிறிய கூலி என்று அக்காலத்தில் ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். வெளியீட்டாளர் ரைடர், எழுத்தாளர் வெய்ட் ஆகிய இருவர் பெயரும் சேர்ந்து அச்சீட்டுகள் 'ரைடர் வெய்ட்' என வழங்கலாயின. வரைந்தவளின் பெயர் பெட்டியில் இல்லை. ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் அவர் இட்ட சிறு முத்திரை எழுத்து மாத்திரம் இருந்தது. 1911இல் அவர் கத்தோலிக்கராக மாறினார். 1951இல், கையிற் பணமின்றி இறந்தார். அவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்லும் வழக்கம் வந்தது மிக அண்மையிலேதான்.

அவர் வரைந்த மரணச் சீட்டை ஒருமுறை பாருங்கள். கருங்கவசம் பூண்ட எலும்புக்கூடு வெள்ளைக் குதிரையில் வருகின்றது. அரசன் விழுந்து கிடக்கின்றான். ஆயர் கைகூப்பி நிற்கின்றார். ஓர் இளம்பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கின்றாள். ஒரு குழந்தை மட்டும் முழந்தாளிட்டு அந்த முகத்தை நேராகப் பார்க்கின்றது. தூரத்தில், இரு கோபுரங்களுக்கிடையே சூரியன். இந்தப் படம் நாளை யாருக்கு என்ன நடக்கும் என்று சொல்லவில்லை. சாவின் முன் மனிதர் எத்தனை விதமாக நிற்கின்றனர் என்று சொல்கின்றது. அதற்கு மேல் ஒரு சித்திரத்திடம் என்ன கேட்பது?

நம்மூரிலும் சாத்திரச் சீட்டு உண்டு. எனது இளமையில் கொழும்பின் தேவாலயங்களுக்கும் கோயில்களுக்கும் அண்மையில் கிளிச் சாத்திரக்காரர் பலர் அமர்ந்திருப்பர். கிளி ஓர் உறையைக் கொத்தி எடுக்கும். உள்ளே ஒரு படம். முருகன் வரலாம், மாதா வரலாம், புத்தர் வரலாம். கேட்க வந்தவரின் சமயத்தைக் கிளி விசாரிப்பதில்லை. செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாரிடம் எல்லாச் சமயத்தவரும் வந்து நிற்கும் கொச்சிக்கடைக்கு இதைவிடப் பொருத்தமான சீட்டுக்கட்டை எவரும் செய்ய முடியாது. ஆனால், அவற்றை வரைந்தவர் யார்? கோவில்பட்டி கொண்டையராஜுவின் காலண்டர் படங்களுக்கு அவர் பெயர் நிலைத்தது. உறைக்குள் மடிந்து அழுக்கேறிய கிளிச்சீட்டுகளை வரைந்தவர்களின் பெயர் எவர் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. பமெலாவுக்காவது ஒரு முத்திரை எழுத்து மிஞ்சியது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. டாரோவில் கோபுரம் என்றொரு சீட்டு உண்டு. இடி விழுந்து உச்சி பிளக்க, மனிதர் தலைகீழாக விழும் படம். 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலைக்குப் பிறகு கொச்சிக்கடையில் அந்தப் படத்தை எவரும் அலங்காரமாகப் பார்க்க முடியாது. அன்று புனித அந்தோனியார் திருத்தலத்திலும், கட்டுவாப்பிட்டியிலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. 250இற்கு மேற்பட்டோர் மாண்டனர். எந்தச் சீட்டும் அதை முன்னறிந்து சொல்லவில்லை. எந்தக் கிளியும் சொல்லவில்லை. முன்னறிவிப்பு வேறு விதமாக வந்தது. அயல்நாட்டுப் புலனாய்வுத் தகவலாக, அதிகாரிகளின் கைக்கு, நாட்கள் முன்னதாகவே வந்தது. உரியவர்கள் அதன்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை என்று 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் உயரதிகாரிகளும் நட்டஈடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. அரை நூற்றாண்டுக் காலம் வாரபலன் பக்கத்தை வாசகர் முதலிற் புரட்டுவதைப் பார்த்தவன் என்ற முறையிற் சொல்கின்றேன்: வருவதை அறிய வேண்டுமாயின் கையிலுள்ள கடிதங்களை வாசிக்க வேண்டும்.

நடந்து முடிந்ததைத் தாங்கிக்கொள்ளவோ சித்திரமும் சிற்பமும் தேவை. கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில், இரத்தத் துளிகள் தெறித்த உயிர்த்த கிறிஸ்துவின் சிலையைக் கழுவிவிடாமல் அப்படியே பேணி வைத்தனர். பார்க்க அஞ்சும் காட்சிதான். பார்த்தவர்கள் அதன்முன் மெழுகுதிரி ஏற்றுகின்றனர். இருண்ட உருவங்களை விரிப்பால் மூட வேண்டும் என்போருக்கு அந்த மக்கள் சொல்லும் மறுமொழி அது. இருளை வெறும் நவநாகரிகமாக வாங்கி அடுக்கும் இளையோரும் அங்கே ஒருமுறை போய் நிற்க வேண்டும். பயங்கரத்தை வரைவது விளையாட்டல்ல. எதைத் தொடுகின்றோம் என்று தெரிந்து தொட வேண்டிய வேலை.

ஆகவே எனது கருத்து இதுதான். சாத்திரச் சீட்டுகளைக் குறிகேட்போரிடமிருந்து மீட்டுச் சித்திரம் பார்ப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். கிளிச்சீட்டுகள் வேகமாக மறைந்து வருகின்றன. இந்தியாவில் கிளியைக் கூண்டில் அடைப்பதை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டம் தடுக்கின்றது. கிளி பறந்து போகட்டும், அது நீதி. சீட்டுகளும் அதனோடு போய்விட வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் பழைய கட்டுகளை நமது நூலகங்களும் நூதனசாலைகளும் விலைகொடுத்து வாங்கிப் பேண வேண்டும். வரைந்தவரின் பெயரை அறிந்த முதியவர் எங்கேனும் இருந்தால், அவர் இருக்கும்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.

பெரியம்மா பிறகு அந்தக் கட்டை வாங்கிப் பார்த்தார். கல் விலங்கொன்றின் படத்தில் நெடுநேரம் நின்றார். "பாவம், மழையில இருக்குது" என்றார். ஒரு சீட்டை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதற்கு அதைவிடச் சிறந்த பாடம் சாத்திர நூல்களில் இல்லை.