ஹெட்டைக் கழற்றும் முன் மூடியைப் பாருங்கள்!

(மூன்றாம் ஆண்டு மாணவன், ஆட்டோமொபைல் துறை)



"தம்பி, வண்டி தண்ணி கக்குது. என்னான்னு பாரு" என்று ஒருவர் நம் முன்னால் வந்து நின்றால் நாம் என்ன சொல்வோம்? ஆட்டோமொபைல் படிக்கிற பையன் என்ற பெருமையில் இருப்பதிலேயே பெரிய கோளாறைத்தான் முதலில் சொல்வோம். "ஹெட் கேஸ்கட் போயிருக்கும்ணே!"

நானும் அப்படித்தான் சொன்னேன். வேறு யாரிடமும் இல்லை, என் அப்பாவிடம். அதற்கு எங்கள் வீடு கொடுத்த விலை 14,000 ரூபாய். அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.

இந்த மலருக்குக் கவிதை எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நண்பர்கள் பலர் எழுதுகிறார்கள், நன்றாகவே எழுதுகிறார்கள். எனக்கு அது வரவில்லை. எனக்கு வந்தது ரேடியேட்டர்தான். அதையே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா 5ஆம் வகுப்போடு நிறுத்திக்கொண்டவர். வத்தலக்குண்டு பக்கம் எங்கள் ஊர். அப்பாவிடம் ஒரு பழைய டீசல் பிக்-அப் இருக்கிறது. என்னைவிட வயதில் மூத்தது. நான் பிறந்தபோது அம்மாவையும் என்னையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்ததே அந்த வண்டிதான் என்பார்கள். கீழேயிருந்து அரிசி, மளிகை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கொடைக்கானல் போவார். திரும்பும்போது கேரட், பீன்ஸ், மலைப்பூண்டு. நான் கட்டும் பரீட்சைப் பணம் முழுக்க அந்த வண்டி ஏறி இறங்கிய காசுதான்.

போன வருஷம் சித்திரை மாதம். சீசன் நேரம். மலை ஏறும்போதெல்லாம் வண்டி தண்ணீரைக் கக்க ஆரம்பித்தது. ரேடியேட்டர் கழுத்திலிருந்து கீழே தொங்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகக் கூலன்ட் ரோட்டில் ஓடும். அப்பா ஓரங்கட்டி, ஆறவைத்து, குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு மறுபடி கிளம்புவார். லீவில் வீட்டுக்கு வந்த என்னிடம் கேட்டார். நான் பானெட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூடப் பார்த்திருக்க மாட்டேன். "கேஸ்கட் போச்சுப்பா. ஹெட்டைக் கழற்றணும்" என்றேன். அப்பா மறுபேச்சுப் பேசவில்லை. பட்டறையில் போய், "என் மகன் படிச்சவன், அவனே சொல்லிட்டான்" என்று அவர் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை! இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது.

ஹெட்டைக் கழற்றினார்கள். பழைய கேஸ்கட் நன்றாகவே இருந்தது. கழற்றியது கழற்றியாகிவிட்டது என்று ஹெட் ஃபேஸிங், புது கேஸ்கட், கூலி எல்லாம் சேர்ந்து அந்தத் தொகை வந்தது. மூன்றாம் நாள் அப்பாவோடு நானும் மலைக்குப் போனேன். பாதி ஏற்றத்தில் வண்டி மறுபடி கக்கியது.

டீக்கடை ஓரம் நிறுத்தினோம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு வயதான லாரி மெக்கானிக் வந்து பார்த்தார். அவசரப்படவில்லை. ரேடியேட்டர் தொட்டுப்பார்க்கும் அளவுக்கு ஆறும்வரை இன்னொரு டீ குடித்தார். பிறகு மூடியைத் திருகி எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். அடியில் இருக்கும் ரப்பர் வெடித்து, காய்ந்த எலந்த வடை மாதிரி இருந்தது. "இதைப் பாத்தியா தம்பி?" என்றார். நான் பார்க்கவில்லை. புது மூடி 180 ரூபாய்.

நண்பர்களே, இதில் வெட்கக்கேடு என்ன தெரியுமா? நாலாவது செமஸ்டர் பரீட்சையில் "பிரஷர் கேப் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்ற கேள்வி வந்தது. நான் பென்சிலால் அழகாக வரைந்து எழுதிவிட்டு வந்தவன்!

மூடி என்ன செய்கிறது?

நம்மில் பலர் அதைத் தண்ணீர் சிந்தாமல் இருக்கப் போட்ட மூடி என்றே நினைக்கிறோம். அது ஒரு வால்வு. சரியாகச் சொன்னால் இரண்டு வால்வு. பெரிய ஸ்பிரிங் உள்ளது அழுத்தத்தை அடைத்து வைக்கும். நடுவில் உள்ள சின்னது, எஞ்சின் ஆறி உள்ளே வெற்றிடம் உண்டாகும்போது திறந்துகொடுக்கும்.

அழுத்தம் எதற்கு? கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தெர்மோஸ்டாட் திறப்பதே 82 டிகிரி பக்கம் என்றால் நடுவில் இருப்பது 11 டிகிரிதான். முழு லோடு, செகண்ட் கியர், கொண்டை ஊசி வளைவு. இதில் அந்த 11 டிகிரி எத்தனை நிமிஷம் தாங்கும்? ஆனால் 7 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காக அடைத்துக்கொண்டால் அதே உயரத்தில் கொதிநிலை 105 டிகிரியைத் தாண்டும். மூடியின் ரப்பர் போனால் அந்தப் பாதுகாப்பு மொத்தமும் போயிற்று. எஞ்சின் ஆரோக்கியமாக இருக்கும், தண்ணீர் மட்டும் கொதிக்கும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். மீட்டர் முள் வழக்கமான இடத்தைவிட்டு அதிகம் நகரவே இல்லை. நான் அதையும் கவனிக்கவில்லை.

இன்னொரு விஷயம். எல்லா ஓவர்ஃப்ளோவும் கோளாறு இல்லை! 30 டிகிரியில் இருக்கும் 10 லிட்டர் தண்ணீர் 90 டிகிரிக்குச் சூடானால் சுமார் 300 மில்லி கூடும். ஒன்றரை டம்ளர். கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே கூடும். அது எங்கே போகும்? புது வண்டிகளில் பக்கத்தில் உள்ள பாட்டிலுக்குப் போய், ஆறினதும் திரும்பி வரும். பழைய பிக்-அப்பில் பாட்டில் கிடையாது, ரோட்டுக்குத்தான் போகும். 1925இல் ஃபோர்டு கம்பெனி தன் டி மாடலில் தொழிற்சாலையிலேயே பிக்-அப் பாடி கட்டி விற்றது. அந்த வண்டிக்கு வாட்டர் பம்ப்பே கிடையாது. சூடான தண்ணீர் தானாக மேலே ஏறும், ஆறினது கீழே இறங்கும், அவ்வளவுதான். அழுத்தம் தாங்கும் மூடியும் இல்லை. மிஞ்சினது குழாய் வழியே வெளியே போகும். ஆக, அந்தக் குழாய் வைத்ததே மிஞ்சினதை வெளியே விடத்தான்.

எங்கள் அப்பா தினமும் காலையில் கழுத்துவரை தளும்பத் தளும்ப ஊற்றுவார். தினமும் அது கக்கும். "குறையுதே" என்று மறுநாள் மறுபடி ஊற்றுவார். பழைய வண்டியில் கழுத்துக்கு ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கீழே நின்றால் போதும். ஊற்றினதும் போர்வெல் தண்ணீர். எங்கள் ஊர்த் தண்ணீரில் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது ரேடியேட்டர் குழாயிலும் படியும். கூலன்ட்டும் நீர்த்துப்போய்த் துருப்பிடிக்கும்.

எந்த வரிசையில் பார்ப்பது?

அந்தப் பெரியவரிடம் கேட்டதையும், பிறகு பாடப் புத்தகத்தை ஒழுங்காகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். காசு குறைவானதிலிருந்து ஆரம்பிப்பதுதான் இந்த வரிசை.

1. ஆறவிடுங்கள். சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் சட்டென இறங்கி, உள்ளே இருப்பது நீராவியாகச் சீறும். அப்பாவின் வலது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஒரு தழும்பு இருக்கிறது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பட்டது.

2. கேளுங்கள். எப்போது கக்குகிறது? தளும்ப ஊற்றின அன்று மட்டுமா? ஏற்றத்திலா? நிறுத்தின பிறகா? ஏற்றம் ஏறியவுடன் எஞ்சினை அணைத்தால் பம்ப் நின்றுவிடும், எஞ்சின் சூடு நின்ற தண்ணீரில் இறங்கும், அப்போதும் கக்கும். ஓரிரு நிமிஷம் ஐட்லிங்கில் ஓடவிட்டு அணைத்தாலே அது தீரும்.

3. மூடியைப் பாருங்கள். ரப்பர், ஸ்பிரிங், நடு வால்வு, அது உட்காரும் கழுத்து விளிம்பு. வண்டிக்கு என்ன எண் சொல்லியிருக்கிறதோ அதே எண் மூடியைப் போடுங்கள். பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைத்தால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்பு விட்டுவிடும்.

4. வெளியே பாருங்கள். ஃபேன் பெல்ட் தளர்வா? ரேடியேட்டர் தகடுகளில் சேறும் பூச்சியும் அடைத்திருக்கிறதா? ஹோஸ் உப்பியிருக்கிறதா?

5. தெர்மோஸ்டாட்டைக் கழற்றிச் சட்டியில் தண்ணீர் காய்ச்சிப் போட்டுப் பாருங்கள். திறந்தால் மறுபடி மாட்டுங்கள். "அதைத் தூக்கி எறிஞ்சிடு" என்பார்கள், எறியாதீர்கள். எஞ்சின் சூடேறாமல் ஓடினால் டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

6. இவ்வளவும் சரி என்றால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு இருக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டுத் தகடுகளைத் தடவிப் பார்த்தால் அடைத்த இடம் மட்டும் குளிர்ச்சியாக இருக்கும்.

7. கடைசியில்தான் கேஸ்கட். அதற்கும் அடையாளம் இருக்கிறது. ஆறின எஞ்சினை மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்தால் கழுத்தில் விடாமல் குமிழி வரும். ஆயில் குச்சியில் பால் கலந்த டீ மாதிரி ஒட்டியிருக்கும். வெள்ளைப் புகை நிற்காது. ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிஷத்திலேயே மேல் ஹோஸ் கல்லு மாதிரி ஆகும். இவற்றில் ஒன்றையும் பார்க்காமல் ஹெட்டைக் கழற்றச் சொன்னவன் நான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டிக்கும் ஒரு பாட்டில் மாட்டிக்கொள்ளலாம். குழாயின் நுனி பாட்டிலில் உள்ள கூலன்ட்டுக்குள் முங்கியிருக்க வேண்டும். மூடியும் மேல்விளிம்பில் ரப்பர் உள்ளதாக இருக்க வேண்டும். அப்போதுதான் போனது திரும்பி வரும். ரோட்டில் விடுவதைவிட அது நல்லது, ஏனென்றால் கூலன்ட்டில் உள்ள எதிலீன் கிளைகால் இனிக்கும் விஷம். நாய், ஆடு நக்கினால் செத்துப்போகும்.

என் கருத்து

நாம் படிப்பது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அனுபவம் போதும், படிப்பு வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இருபது வருஷம் ஓட்டிய அப்பாவுக்கும் மலையில் தண்ணீர் ஏன் சீக்கிரம் கொதிக்கிறது என்று தெரியாது. தெரிந்திருந்தால் கையைச் சுட்டுக்கொண்டிருக்க மாட்டார். எனக்கு அது தெரியும். ஆனால் குனிந்து மூடியைத் திருப்பிப் பார்க்கத் தெரியவில்லை. மார்க்குக்காக வரைந்த படத்தையும் பானெட்டுக்குள் இருந்த பொருளையும் நான் சேர்த்தே பார்க்கவில்லை. என் குற்றம் அதுதான்.

நம்மைப் போன்ற வீடுகளில் முதலாவதாகப் படிக்கிற பிள்ளை சொல்வதற்கு ஒரு மரியாதை இருக்கிறது. யாரும் எதிர்த்துக் கேட்க மாட்டார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது. தெரியாததைத் "தெரியல, பாத்துட்டுச் சொல்றேன்" என்று சொல்ல நாம் பழக வேண்டும். நாம் அலட்சியமாகச் சொல்லும் ஒரு வார்த்தைக்கு நம் அம்மாக்கள் தோட்டைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

நம் மாணவர் சங்கத்துக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, நம் பட்டறையில் வெட்டிக்காட்டிய எஞ்சின் இருக்கிறது, ரேடியேட்டர் மூடியைச் சோதிக்கும் கைப்பம்ப் இல்லை. அதைக் கேட்டு வாங்குவோம். இரண்டு, வருஷாவருஷம் சீசனுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் சுற்றுவட்டாரத்துப் பழைய லோடு வண்டிகளுக்கு இலவசமாகக் கூலிங் சோதனை நடத்துவோம். மூடி, பெல்ட், ஹோஸ் மூன்றை மட்டும் பார்த்தால்கூடப் போதும். பேனர் கட்டி விழா எடுக்கும் செலவில் பாதிகூட ஆகாது. நமக்கும் பிராக்டிகல் மாதிரி ஆச்சு!

அந்தப் பெரியவர் அன்று காசு வாங்கவில்லை. "படிக்கிற பையன், பரவால்ல போ" என்று அனுப்பிவிட்டார். அப்பாவும் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. போன மாதம் வண்டியில் ஏதோ சத்தம் வருகிறது என்று மறுபடி என்னைத்தான் கூப்பிட்டார். இந்த முறை நான் ஒரு மணி நேரம் பார்த்தேன். சைலன்ஸர் கிளாம்ப்பில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது.

டிப்ளமோ முடித்து முதல் சம்பளம் வாங்கினதும் தோட்டை மீட்க வேண்டும்.