மாவுக் கடை விலைக்கு வருகிறது: வாங்கலாமா?

முன்னறையில் இரண்டு டில்டிங் கிரைண்டர், பின்கட்டில் அரிசியும் உளுந்தும் ஊறும் அண்டாக்கள், சாயங்காலம் மொபெட்டில் கடை கடையாகப் போகும் பாக்கெட்டுகள். தமிழகத்தின் நடுத்தர ஊர்களில் இட்லி மாவுத் தொழில் பெரும்பாலும் இந்த அளவில்தான் நடக்கிறது. இவை அவ்வப்போது கைமாறவும் செய்கின்றன. நடத்தியவருக்கு முழங்கால் வலி வந்திருக்கும், அல்லது மகன் வெளியூருக்கு அழைத்திருப்பான், அல்லது வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருப்பார். ‘ஓடிக்கொண்டிருக்கும் தொழில், வாடிக்கையோடு தருகிறோம்’ என்று மூன்று லட்சம், நான்கு லட்சம் விலை சொல்லப்படுகிறது. பணிஓய்வுப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கும், சம்பள வேலை அலுத்துப்போனவர்களுக்கும் அது நியாயமான விலையாகவே படும்.

அந்தப் பணம் எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்த்தால் சங்கடம் தெரியவரும். வீடு விற்பனையில் சேராது. உரிமங்கள் விற்றவர் பெயரிலேயே நிற்கும். கைப்பக்குவத்தை எழுதிக் கொடுக்க முடியாது. கடைக்காரர்களோடு பத்து வருடப் பழக்கம் விற்றவருக்குத்தான். விற்றவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன மறுநாள் காலையில் அங்கே எது மிஞ்சுமோ, விலை அதற்கு மட்டும்தான் இருக்க முடியும்.

‘கையில் நிற்கும்’ காசு

விற்பவர் சொல்லும் லாபம் பொதுவாகப் பொய்யாக இருப்பதில்லை. அது அரைக்கணக்கு, அவ்வளவுதான். நாளைக்கு 100 கிலோ மாவு விற்கும் ஒரு வீட்டை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். விலைவாசி ஊருக்கு ஊர் மாறும். இங்கே முக்கியம் கணக்கின் போக்குதான். நாலுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஒரு கிலோ அரிசியும் கால் கிலோ உளுந்தும் சேர்ந்தால் ஏறத்தாழ 3 கிலோ மாவு வரும். கடைகளுக்குக் கிலோ 40 ரூபாய்க்குப் போட்டால் நாள் வரவு 4,000. இட்லி அரிசி கிலோ 45 என்றால் அரிசிக்கு 1,500 ரூபாய், உளுந்து 130 என்றால் 1,080. கவர், கரண்ட், பெட்ரோல், வெந்தயம், உப்பு எல்லாம் சேர்ந்து 350. புளித்துத் திரும்பி வரும் 3 கிலோவுக்கு 120. மிச்சம் 950 ரூபாய். மாதத்தில் 28 நாள் வேலை என்றால் 26,600. “செலவெல்லாம் போக இருபத்தாறாயிரம் கையில் நிற்கும்” என்று விற்பவர் சொல்வது இதைத்தான்.

அந்தத் தொகைக்குள் இரண்டு பேருடைய கூலி ஒளிந்திருக்கிறது. விடியற்காலையில் எழுந்து ஊறப்போட்டு, ஆட்டி, கரைத்து, பாக்கெட் போட்ட வீட்டம்மாவுக்கு யாரும் சம்பளம் எழுதவில்லை. கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போட்டு வசூல் பண்ணிய வீட்டுக்காரருக்கும் அப்படியே. இந்த வேலைக்கு வெளியாள் வைத்தால் உள்வேலைக்கு அரை நாளுக்கு 350, லைனுக்கு 400 என்று வைத்தாலும் மாதம் 21,000 போய்விடும். மீதி 5,600. சொந்த வீடு என்பதால் விற்றவர் வாடகையைக் கணக்கில் கொண்டுவரவில்லை. தண்ணீர் வசதியுள்ள ஓர் அறைக்கு வாங்குபவர் 4,000 கொடுத்தாக வேண்டும். கடைசியில் தொழில் என்று தனியாக ஈட்டுவது மாதம் 1,600, வருடத்துக்கு 19,200. விலையாகக் கேட்கும் 4 லட்சத்தை 7 சதவீத வட்டிக்கு வங்கியில் போட்டால் 28,000 வரும். புளித்த மாவைத் திரும்பச் சுமக்கவும் வேண்டாம்.

கணவனும் மனைவியும் தாங்களே பாடுபடத் தயார் என்றால் கதை வேறு. வாடகை போக மாதம் 22,600 அவர்களுக்குக் கூலியாகக் கிடைக்கும். அதில் தவறொன்றுமில்லை, பல குடும்பங்களுக்கு அது நல்ல வருமானமும்கூட. ஆனால் அப்போது அவர்கள் வாங்குவது ஒரு வேலையைத்தான். வேலைக்கு எவ்வளவு விலை கொடுக்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. அதே ஊரில் புதிதாகத் தொடங்கும் ஒருவர் சிறுகச் சிறுகக் கடை பிடித்து 100 கிலோவை எட்ட ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஆறு மாதமும் சராசரியாகப் பாதி வருமானம்தான் வரும். இழப்பு சுமார் 80,000. ஓடுகிற தொழிலை வாங்குவதால் மிச்சமாவது அந்த 80,000தான். கிரைண்டர், அண்டா, பிரிட்ஜ், தராசு, சீலிங் மெஷின் எல்லாம் பழைய விலைக்கு ஒரு லட்சம் பெறும் என்றால், 1.80 லட்சத்துக்கு மேல் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் பொறுமையின்மைக்குக் கொடுக்கும் விலை. அந்த 80,000கூட வாடிக்கை முழுசாகக் கைக்கு வந்தால்தான்.

சிப்பமும் மீட்டரும்

100 கிலோ விற்பனை என்பது நிஜமா? விற்பனை நோட்டை யாரும் எப்படியும் எழுதலாம். கொள்முதலை அப்படி எழுத முடியாது. 25 கிலோ வரையிலான பேக்கிங் அரிசிக்கு 2022 ஜூலையில் வரி வந்த பிறகு, பல ஆலைகளின் சிப்பம் 26 கிலோவாக வளர்ந்துவிட்டது. அந்த ஒரு சிப்பத்திலிருந்து சுமார் 78 கிலோ மாவு கிடைக்கும். மாதம் 2,800 கிலோ விற்பவர் 36 சிப்பம் வாங்கியிருக்க வேண்டும், அதற்கேற்ற உளுந்தும் வாங்கியிருக்க வேண்டும். மண்டி பில்லில் 22 சிப்பம்தான் இருக்கிறது என்றால் பேச்சை அதற்கேற்றபடி தொடரலாம்.

அடுத்த சாட்சி மின்கட்டண ரசீது. 2 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் ஆகும். தினம் ஆறு மணி நேர ஓட்டத்துக்கு இரண்டு மாதத்தில் 500 யூனிட்டாவது மீட்டரில் ஏறியிருக்கும். அந்த மீட்டர் எந்த வகை இணைப்பு என்பதையும் கூடவே பார்க்க வேண்டும். வீட்டு இணைப்பில் தொழில் நடந்தால், மின்சாரச் சட்டம் 2003இன் 126ஆவது பிரிவு அதை அங்கீகாரமற்ற பயன்பாடாகக் கொண்டு, உரிய வீதத்தைப் போல இரண்டு மடங்கு கட்டச் சொல்கிறது. விற்பவரின் கரண்ட் செலவு குறைவாகத் தெரிவதற்கு அந்த வீட்டு இணைப்பே காரணமாக இருக்கலாம். வாங்குபவர் முறைப்படி தொழில் இணைப்பு எடுத்தால் செலவுக் கணக்கு மாறிவிடும்.

மூன்றாவது சாட்சியை விற்பவரே சுவரில் மாட்டி வைத்திருப்பார். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு விதிகள், வருட விற்பனை 12 லட்சத்துக்கு உட்பட்டவர்களுக்குப் பதிவுச் சான்றிதழ் போதும் என்று கோடு போட்டன. அதற்கு மேல் போனால் உரிமம் வேண்டும். நாளைக்கு 4,000 என்றால் வருடத்துக்கு 13.44 லட்சம். இந்தக் கோட்டின்படி, சுவரில் இருப்பது வெறும் பதிவுச் சான்றிதழ் என்றால், ஒன்று சான்றிதழ் போதாது, அல்லது சொன்ன விற்பனை இல்லை. வரம்புகள் அவ்வப்போது மாற்றப்படுபவை என்பதால், வாங்கும் நாளில் நடப்பில் உள்ளதை வைத்தே இதைப் பார்க்க வேண்டும்.

எப்படியானாலும் அந்தச் சான்றிதழ் வாங்குபவருக்கு உதவாது. அது விற்றவரின் பெயருக்கும் முகவரிக்கும் கொடுக்கப்பட்டது. புதியவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். ஜி.எஸ்.டி. எண்ணும் பான் எண்ணைச் சார்ந்தது, கைமாறாது. இட்லி மாவுக்கு 5 சதவீத வரி இருந்தாலும், 40 லட்சத்துக்கு உட்பட்ட சரக்கு விற்பனைக்குத் தமிழகத்தில் பதிவு கட்டாயமில்லை என்பதால் சின்ன மாவுக் கடைகள் பொதுவாக அதற்குள் வருவதில்லை. விற்பவர் பதிவு பெற்றவர் என்றால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தொழில் கைமாறிய நாள் வரையிலான வரி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு என்கிறது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 85ஆவது பிரிவு.

‘பத்தாயிரம் கவர் அச்சடித்துக் கிடக்கிறது, அதையும் சேர்த்துத்தான் விலை’ என்று சொல்வது வழக்கம். அந்தக் கவரில் விற்றவரின் பெயர், முகவரி, 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் எல்லாம் அச்சாகியிருக்கும். அதில் மாவை அடைத்து விற்பது இன்னொருவர் பெயரில் உணவு விற்பதாகும். கவருக்கு விலை பூஜ்யம்.

யாருடைய வாடிக்கை?

அண்ணாச்சி கடையின் பிரிட்ஜ் முன்னால் சாயங்காலம் ஐந்திலிருந்து எட்டு மணி வரை நின்றால், எந்த நோட்டிலும் இல்லாத விவரம் கிடைக்கும். முந்தாநாள் பாக்கெட்டுகள் முன்வரிசையில் உப்பிக்கொண்டு நிற்கும். வருகிற பெண்கள் அவற்றைத் தள்ளிவிட்டுப் பின்னால் கைவிட்டு எடுப்பார்களா, பெயர் சொல்லிக் கேட்பார்களா, இல்லை எது கைக்கு வருகிறதோ அதைக் கொண்டுபோவார்களா என்பதில்தான் அந்தத் தொழிலின் நற்பெயர் இருக்கிறது. கடைக்காரருக்கு மார்ஜின்தான் கணக்கு. ஒரு ரூபாய் கூடக் கொடுப்பவருக்கு இடத்தைக் கொடுத்துவிடுவார். 2005இல் பெங்களூருவில் ஒரு சின்ன அறையில் தொடங்கிய ஐடி ஃபிரெஷ் போன்ற நிறுவனங்களின் பாக்கெட்டுகளும் இப்போது அதே பிரிட்ஜில் இடத்துக்குப் போட்டியிடுகின்றன. இன்னொன்று: 100 கிலோவில் 40 கிலோவை ஒரே மெஸ்ஸோ ஹோட்டலோ எடுத்தால், அது நாற்பது கிலோ வாடிக்கையாகாது. ஒரே ஒரு ஆள். அவர் சொந்தமாகக் கிரைண்டர் வாங்கினால் முடிந்தது.

விற்றவர் ஆறு மாதம் கழித்து அடுத்த தெருவில் மறுபடி மாவு போடத் தொடங்கினால் என்ன செய்வது? தொழில் செய்யாதே என்று ஒருவரைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27ஆவது பிரிவு. ஆனால் அதே பிரிவு ஒரு விதிவிலக்கையும் வைத்திருக்கிறது. தொழிலின் நற்பெயரை விற்பவர், குறிப்பிட்ட எல்லைக்குள் அதே தொழிலை நடத்துவதில்லை என்று வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்கலாம். எல்லை நியாயமானதாக இருந்தால், வாங்கியவர் அந்தத் தொழிலை அங்கே நடத்தும் காலம் வரை அது செல்லும். ஆகவே பத்திரத்தில் ‘கிரைண்டர் இரண்டு, அண்டா ஆறு’ என்று சாமான்களை மட்டும் எழுதினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. நற்பெயரும் விற்கப்படுகிறது என்று எழுதி, எந்தெந்தத் தெருக்கள் அல்லது எத்தனை கிலோமீட்டர் என்பதையும் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாத மனைவியையும் மைத்துனரையும் அந்தப் பத்திரம் கட்டுப்படுத்தாது. வீட்டுத் தொழிலில் பக்குவம் தெரிந்தவர் பெரும்பாலும் மனைவிதான் என்பதால், அவரும் கையெழுத்திடாத பத்திரம் அரைப் பத்திரம்.

பாக்கி நோட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தேதி குறித்து, அதற்கு முந்தைய வசூல் விற்றவருக்கு, பிந்தையது வாங்கியவருக்கு என்று எழுதிவிட வேண்டும். கடன் நிலுவையை விலைக்கு வாங்குவது வீண்.

புதிதாகத் தொடங்கினால்

வாங்குவதா வேண்டாமா என்பதை எடைபோடும்போது பலர் பார்க்காமல் விடுவது மானியம். 2008இல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் புதிய தொழில்களுக்கானது. ஏற்கெனவே நடக்கும் தொழிலை வாங்க அந்த மானியம் கிடையாது. பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் திட்ட மதிப்பில் 15 சதவீதம், கிராமத்தில் 25. பெண்கள், பட்டியல் இனத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் உள்ளிட்டோருக்கு 25, 35 என்று அந்தத் திட்டம் வகுத்தது. கிராமத்தில் ஒரு பெண் தன் பெயரில் 3 லட்சத்துக்குப் புதிதாகத் தொடங்கினால் மானியமே 1.05 லட்சம் வரை வரும். ஆறு மாத ஆரம்ப நஷ்டத்தை அது மூடிவிட்டு மேலும் மிஞ்சும். வங்கி இழுத்தடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த இழுத்தடிப்புக்குப் பயந்து இரண்டு லட்சம் கூடக் கொடுப்பது அதிகம்.

வாங்குவது லாபமாகும் சந்தர்ப்பங்களும் இருக்கின்றன. ஊருக்குப் புதியவர்கள், கடைக்காரர் யாரையும் தெரியாதவர்கள், மாவு ஆட்டும் நுணுக்கமே தெரியாதவர்கள் கொடுக்கும் விலையில் ஒரு பங்கு கற்றுக்கொள்வதற்கான கட்டணம். சித்திரை வெயிலில் மாவு எத்தனை மணிக்குப் பொங்கும், மழைக்காலத்தில் எவ்வளவு தாமதிக்கும், புது உளுந்துக்குத் தண்ணீரை எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை நாலு வாரம் கூடவே நின்றுதான் தெரிந்துகொள்ள முடியும். இடம் மாறினால் தண்ணீரும் மாறும். போர் தண்ணீர் உப்பாக உள்ள தெருவுக்குப் போய்விட்டு ‘பழைய மாவு மாதிரி இல்லை’ என்று கேட்டுக்கொண்டிருக்க நேரும். ஆகவே அதே அறையை வாடகைக்குத் தர விற்பவர் சம்மதிக்கிறாரா என்பது பேச்சின் தொடக்கத்திலேயே தெரிய வேண்டும்.

விலை படிந்த பிறகும் முழுத் தொகையை ஒரே நாளில் கொடுக்கக் கூடாது. சாமான்களுக்கான பணத்தை முதலில் கொடுக்கலாம். நற்பெயருக்கான தொகையை மூன்று தவணையாக்கி, விற்பனை 80 கிலோவுக்குக் கீழே இறங்கினால் தவணையும் அதே விகிதத்தில் இறங்கும் என்று எழுதிக்கொள்ளலாம். நாலு வாரம் விற்றவரே லைனுக்குக் கூட வந்து ஒவ்வொரு கடையிலும் அறிமுகப்படுத்துவதும் நிபந்தனையில் இருக்க வேண்டும். உண்மையிலேயே முழங்கால் வலியால் விற்கிறவர் இதற்குப் பெரிதாக முகம் சுளிக்க மாட்டார்.

கூட வர முடியாது, தவணையும் ஆகாது, நாளைக்கே மொத்தப் பணமும் வேண்டும் என்றால், பேச்சைக் கிரைண்டரோடு நிறுத்திக்கொள்ளலாம். கல்லைக் கடைசியாகக் கொத்தியது எப்போது, குழவி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கிறதா, மோட்டார் ரீவைண்டிங் ஆனதா, அரை மணி நேரம் ஓடிய பிறகு தொட்டால் எவ்வளவு சுடுகிறது, பேரிங்கில் சத்தம் வருகிறதா என்று ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்த்து, பழைய மெஷின் கடையில் சொல்லும் விலையைக் கேட்டுக்கொண்டு, அதற்குள் முடித்துக்கொள்ளலாம்.