கண்ணைக் கேட்டார்கள், காதைக் கேட்கவில்லை

ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் பிரியர்களிடையே ஒரு சொல் புழங்குகிறது: 'மனைவி ஒப்புதல் அளவு'. 1983இல் அமெரிக்காவின் 'ஸ்டீரியோஃபைல்' இதழில் அச்சேறியது. பெட்டி பெரிதாக, முரட்டுக் கறுப்பாக இருந்தால் அளவு குறைவாம். அடக்கமாக, மரநிறத்தில் இருந்தால் கூடுதலாம். 40 ஆண்டு கடந்தும் ஆண்கள் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குள் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது: காது அவருக்கு, கண் அவளுக்கு.

இது எங்கோ அமெரிக்காவில் நடப்பதில்லை. தென்காசியில் ஒரு கடைக்கு ஸ்பீக்கர் வாங்கப் போனேன். பணம் என்னுடையது. கடைத்தம்பி என் கணவரிடம், "அண்ணாச்சி, பேஸ் சும்மா அதிரும்லா" என்றான். என் பக்கம் திரும்பி, "அக்கா, இது ரோஸ் கலர்லயும் வருது" என்றான். "பேச்சுக்குரல் தெளிவா இருக்கான்னு போட்டுக் காட்டு தம்பி" என்று நான் கேட்டதற்கும் பதில் அவரிடம்தான் போனது.

நிறத்துக்கும் ஒலிக்கும் சம்பந்தமில்லை. கறுப்பு, வெள்ளை, தேக்கு எதுவானாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒலியை மாற்றுவது பெட்டியின் கொள்ளளவு, பலகையின் கனம், முன்னால் கட்டிய துணி. துணி தடிமனானால் மேல்சுரங்கள் மங்கும். இதையெல்லாம் அவரிடம் விளக்குகிறார்கள். ஒலியைத் தொடாத ஒன்றை மட்டும் என்னிடம் கேட்கிறார்கள். ஒன்றையும் மாற்றாத இடத்தில் கொடுக்கும் உரிமைக்குப் பெயர் உரிமையா?

"பெண்களுக்கு அழகுணர்வு அதிகம், கேட்பது மரியாதைதானே?" என்பார்கள். ஆண்களுக்கு நிற மோகம் இல்லையா? 1970களில் வெள்ளி முகப்புக்கு மயங்கியவர்கள் 1980களில் கறுப்புக்கு மாறினார்கள். அது தொழில்நுட்ப ரசனை. நாம் ஒரு நிறம் சொன்னால் தொந்தரவு. 'கணவன் பகட்டு அளவு' என்று ஒன்றை யாரும் அச்சிட்டதாகத் தெரியவில்லை.

ஆனால் நிறமும் மேற்பூச்சும் ஒரு விஷயத்தை மாற்றும்: வீட்டு வேலையை. கண்ணாடிபோல மின்னும் கறுப்பில் விரல் பட்டால் ரேகை, காற்றடித்தால் தூசி. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்றை இந்தப் பக்கத்தவர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தால் கீறல் விழும். விலை குறைந்த 'தேக்கு' பெரும்பாலும் மரத்தூள் பலகையில் ஒட்டிய மரப்படம். குற்றாலத்துச் சாரல் மாதங்களில், ஒட்டு விட்ட மூலையில் ஈரம் ஏறினால் பலகை உப்பும், பிறகு அமுங்காது. அப்போது வரும் முதல் கேள்வி: "ஈரத்துணியால தொடச்சியா?" தேர்ந்தெடுத்தவர் தப்பிவிடுகிறார், துடைத்தவள் குற்றவாளி.

காது விஷயத்துக்கு வருகிறேன். தென்காசி வட்டாரத்து ஊர்களில் பீடி சுற்றும் பெண்களைப் பாருங்கள். மடியில் தட்டு, கையில் இலை, கண் இலையில். நாள் முழுக்க அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே புலன் காது. இலங்கை வானொலியையும் திருநெல்வேலி வானொலியையும் அந்தக் காதுகள் ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்கின்றன. இரைச்சலுக்கு நடுவே குரலைப் பிரித்தறியும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. எந்தக் கடையும் அவர்களிடம் "எப்படிக் கேட்குது?" என்று கேட்டதில்லை. வீடுகளிலும் இதே கதைதான். ரேடியோவுக்குப் பூவேலை செய்த உறை தைத்தது அம்மா; குமிழைத் திருகும் உரிமை அப்பாவுக்கு.

எனக்கு நிறங்கள் பிடிக்கும். ரோஸ் பிடித்த பெண் ரோஸ் வாங்கட்டும், பையனும் வாங்கட்டும். நான் கேட்பது வேறு. கடையில் முதலில் எங்களுக்குத் தெரிந்த பாட்டைப் போடுங்கள். சமையலறையில் குக்கர் விசில் அடிக்கும்போதும் வரிகள் புரியுமா என்று சொல்லுங்கள். விலையும் வாட்ஸும் எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நிறத்தைக் கடைசியில் பேசலாம். அதற்கும் ஒரு விதி வைப்போம்: பளபளப்பு வேண்டுமென்பவர் துடைக்கும் துணியையும் சேர்த்து வாங்கட்டும், தன் கைக்கு.