டயாலிசிஸ் படுக்கைக்கே மனநல ஆலோசகர் வரட்டும்
குமரி மாவட்ட நாள்பட்ட நோயாளிகளின் கோரிக்கைச் சாசனம்

மாவட்ட ஆட்சியருக்கும் சுகாதாரத் துறையினருக்கும், நாள்பட்ட நோயாளிகளும் அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாரும் சேர்ந்து வைக்கும் கோரிக்கைகள் இவை.

வாரத்தில் இரண்டு மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். குலசேகரத்திலோ அருமனையிலோ விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவருக்கு அதோடு தொழில் போயிற்று. சர்க்கரையால் கால்விரலை எடுத்த கடற்கரைக்காரர் வள்ளம் தள்ள முடியாது. “வீட்டுக்குப் பாரமாயிட்டேன்” என்ற பேச்சு அங்கேதான் தொடங்குகிறது. பிறகு மாத்திரை தவறும், பத்தியம் தவறும், சர்க்கரை ஏறும், மனம் இன்னும் சோரும். பக்கவாதத்திலும் பார்க்கின்சனிலும் மனச்சோர்வுக்குக் கவலை மட்டும் காரணமல்ல. மூளையில் நேரும் மாற்றமும் காரணம். “தைரியமா இருங்க” என்பது அதற்கு மருந்தாகாது.

நாங்கள் சலுகை கேட்கவில்லை. மனநலச் சேவையைப் பொது மருத்துவத்தின் எல்லா நிலைகளிலும், ஆரம்ப சுகாதார நிலையம் வரை, இணைக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 18ஆம் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை: எங்களைத் தனி மனநலப் பிரிவுக்கு அனுப்பிவைப்பதோடு நிறுத்தாதீர்கள். அந்த வாசலில் ஒருவர் நின்றால், அவர் பஸ் ஏறுமுன்னே செய்தி ஊர் போய்ச் சேரும். வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் இருந்தால் அவர் அந்தப் பக்கமே போகமாட்டார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கி, டயாலிசிஸ் நடக்கும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் ஆலோசகர் படுக்கைக்கே வர வேண்டும். சர்க்கரை, புற்றுநோய் சிகிச்சைக்கு வரும் நாளிலும் அதே இடத்தில் அவர் இருக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானவருக்கு மனநல மருந்துகள் பலவற்றின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். இரு மருத்துவர்களும் ஒரே நோட்டில் எழுதட்டும்.

2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், குறை சொல்வதற்கில்லை. கொண்டுவரும் பெண் தன்னார்வலர், இரண்டு வாரமாக மனம் சோர்ந்திருக்கிறதா, எதிலும் நாட்டமில்லாமல் போயிற்றா என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். “ஆமாம்” என்று பதில் வந்தால் யாரிடம் சொல்வது, எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதை ஒன்பது ஒன்றியங்களுக்கும் முன்கூட்டியே வகுத்துவிட வேண்டும். அது இல்லாமல் கேட்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம். கூடுதல் வேலைக்கு அவருக்குக் கூடுதல் ஊதியமும் தர வேண்டும். தன்னார்வலர் என்ற பெயரைக் காட்டி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

14416 எண்ணில் தொலைபேசி ஆலோசனை உண்டு. ஆனால் ஒற்றை அறை வீட்டில், மாமியார் பக்கத்தில் இருக்க, ஒரு பெண் என்னதான் பேசுவாள்?

பார்த்துக்கொள்கிறவர்களையும் கணக்கில் சேருங்கள். பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, படுத்த படுக்கையானவரை மனைவியோ மருமகளோ தனியாகச் சுமக்கிறார். களியக்காவிளைக்கு அப்பால் கேரளம் 2008இலேயே ஆதரவு சிகிச்சைக்குக் கொள்கை வகுத்து, உள்ளாட்சிகள் வழியே வீட்டுக்கு ஆள் அனுப்புகிறது. எல்லைக்கு இந்தப் பக்கமும் ஊராட்சிதோறும் அது வேண்டும். மாதம் சில நாளாவது நோயாளியைப் பொறுப்பேற்று, வீட்டாருக்கு ஓய்வு தரும் ஏற்பாடும் வேண்டும்.

உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது அதே சட்டத்தின் 21ஆம் பிரிவு. அதை மறுக்கும் நிறுவனங்கள் மீதான புகாரைக் கேட்க ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் அலுவலரை நியமியுங்கள்.

எந்தக் கோரிக்கை எப்போது நிறைவேறும், எது முடியாது, ஏன் முடியாது என்பதை எழுத்து மூலம், தமிழில், ஒரு மாதத்துக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.